முப்பது கிராம்

புகைப்படக்காரர்தான் அதை முதலில் கவனித்தார். என் புத்தகத்தின் பின்னட்டைக்குப் படம் எடுக்கப் பதிப்பாளர் அனுப்பிவைத்த ஆள். முகத்தை மட்டும் எடுத்தால் எல்லா எழுத்தாளர்களும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, நேரே சமையலறைக்குள் நுழைந்து என் ஆயுதங்களை மேடையில் அடுக்கத் தொடங்கிவிட்டார். வெள்ளைத் தட்டு, கரண்டி, முள் வைத்த பழைய தராசு, அதன்மேல் நான் பன்னிரண்டு வருடமாக உணவை அளக்கிற எவர்சில்வர் கிண்ணம். தராசுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த சிறு சீட்டில் என் கையெழுத்தில் 'கிண்ணம் 140' என்று இருந்தது. ஜன்னல் திரையை இழுத்து வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டே அவர் கேட்டார்.

"டீச்சர், இந்தச் சீட்டை எடுத்துடலாமா? இதுல நூத்தி நாப்பதுன்னு இருக்கு, முள்ளு நூத்தி எழுபதுல நிக்குது. படத்துல பாத்தா யாராவது கேப்பாங்க."

எட்டிப் பார்த்தேன். நூற்று எழுபதுதான். கிண்ணத்தை எடுத்தேன், முள் பூஜ்யத்துக்குப் போனது. திரும்ப வைத்தேன், நூற்று எழுபது. "எடுத்துடுங்க" என்றேன். அவர் நகத்தால் சீட்டைச் சுரண்டி எடுத்தார், என் முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பச் சொன்னார், கால் மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். படத்தில் நான் நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருப்பேன். வகுப்பில் நின்று நின்று வந்த சிரிப்பு அது, கூப்பிட்டவுடன் வந்துவிடும்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் முப்பத்தொரு வருடம் ஊட்டச்சத்துப் பாடம் நடத்தினேன். மாணவிகள் வைத்த பட்டப்பெயர் தராசம்மா. அது என் காதுக்கு வந்தபோது கோபப்படுவதுபோல நடித்தேனே தவிர உள்ளுக்குள் பெருமைதான். ஓய்வுபெற்ற பிறகு ஒரு வார இதழில் 'என் தட்டு' என்று ஒரு பத்தி எழுதிவருகிறேன். யார் யாரோ எதை எதையோ தின்னச் சொல்கிற காலம் இது. நான் தின்று பார்க்காத எதையும் அடுத்தவருக்குச் சொல்வதில்லை, அது ஒன்றுதான் என் கொள்கை. காலையில் ஒரு பழம், ஒரு முட்டை, ஒரு பிடி வேர்க்கடலை. மதியம் பன்னிரண்டரைக்குச் சோறு நூற்றைம்பது கிராம், பருப்பு நூற்றிருபது, காய் நூற்றெண்பது. சாயங்காலமும் அதே மூன்று, அதே அளவு. ஒவ்வொன்றையும் கிண்ணத்தில் போட்டு எடைபார்த்து, கிண்ணத்தின் எடையைக் கழித்து, தட்டில் கொட்டுவேன். பொத்தானை அமுக்கினால் தானே கழித்துக்கொள்கிற தராசு வந்து எத்தனையோ காலமாகிறது. பேட்டரியை நம்பிச் சாப்பிட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு கழித்தல் கணக்குக்குக்கூட வழியில்லாதவளா நான் என்ற திமிரும் கூடவே உண்டு.

எட்டு மாதத்துக்கு முன்பு என் சாப்பாட்டில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். எட்டரை மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை ஆறரைக்குள் முடித்தேன். அளவில் கைவைக்கவில்லை. மூன்றாம் மாதம் இரண்டு கிலோ இறங்கியிருந்தது, எட்டாம் மாதம் ஐந்து கிலோ. வாரா வாரம் அதைப் பத்தியில் எழுதினேன். கடிதங்கள் குவிந்தன. பதிப்பாளர் வீடு தேடி வந்தார். 'ஆறரைக்குள்' என்ற புத்தகம் அப்படித்தான் உருவானது, அடுத்த வாரம் அச்சுக்குப் போகவேண்டியது. அதன் உயிரான வாக்கியத்தை என் வாசகர்கள் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள்: அளவைக் குறைக்க வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும்.

புகைப்படக்காரர் படியிறங்கியதும் அலமாரியிலிருந்து எடைக்கற்களை எடுத்தேன். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எனக்கு விடைகொடுத்தபோது தந்த பித்தளைக் கற்கள். நூறு வைத்தேன், முள் நூறில் நின்றது. இருநூறு, ஐந்நூறு, இரண்டும் சேர்த்து எழுநூறு. தராசின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அப்படியானால் கிண்ணம். ஒரு கிண்ணம் உட்கார்ந்த இடத்தில் முப்பது கிராம் சதைபோடாது. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதே வாய், அதே விளிம்பு, அடியில் எப்போதோ கீழே போட்டதில் விழுந்த அதே நசுங்கல். நசுங்கலை விரலால் தடவினேன். பழைய நசுங்கல் வழவழப்பாக இருக்கும். இதில் உலோகம் கோடுகோடாகத் தட்டுப்பட்டது.

என் வீட்டுக்காரர் பால்கனியில் பக்கத்து வீட்டு மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். வாழ்நாள் முழுவதும் மின்வேலை பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகு இந்தக் கட்டடத்தில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் அவர்தான் வைத்தியர். கிண்ணத்தை அவர் முன்னால் தரையில் வைத்தேன். நாற்பது வருடக் குடித்தனத்தில் சில கேள்விகளைக் கேட்க வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

"கண்டுபிடிச்சிட்டியா?" என்றார், திருப்புளியைக் கீழே வைக்காமல்.

"எப்போ மாத்துனீங்க?"

"பாத்ரூம் சுவத்துல தண்ணி கசிஞ்சுது பாரு, அப்போ. வெள்ளை சிமெண்ட் குழைக்க அவசரத்துக்குக் கைக்குக் கிடைச்சது உன் கிண்ணம். கொஞ்ச நேரம் அசந்துட்டேன், கல்லா இறுகிப் போச்சு. சுரண்டிப் பாத்தேன், வரல. கடைக்குப் போயி அதே மாதிரி வாங்கிட்டு வந்துட்டேன்."

"இந்த நசுங்கல்?"

"சுத்தியால தட்டுனேன். ரெண்டு தடவை தட்டுனதும் சரியா வந்துடுச்சு." குரலில் தன் வேலையைப் பற்றிய லேசான திருப்திகூட இருந்தது. "சொல்லியிருக்கலாம்தான். சொன்னா புதுக் கிண்ணத்துக்கு நீ ஒரு வாரம் ஆராய்ச்சி பண்ணுவே. எனக்குச் சுவத்தை முடிக்கணும்."

கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் முதலில் வந்தது. என் கண்ணுக்கு எட்டக்கூடிய எல்லாவற்றையும் இந்த மனிதர் சரியாகச் செய்திருக்கிறார். வாய் அகலம், உயரம், நசுங்கல் எல்லாம் அச்சு அசல். கனம் மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அவர் வாழ்க்கையில் எதையும் எடைபோட்டுத் தின்றதில்லை. பசித்தால் சாப்பிடுவார், போதுமென்றால் எழுந்துவிடுவார். பன்னிரண்டு வருடம் எடைபோட்ட நானோ வெறும் கிண்ணத்தை ஒரே ஒரு முறை நிறுத்ததோடு சரி. சீட்டு எழுதி ஒட்டினேன், பிறகு சீட்டைத்தான் நம்பினேன். கிண்ணத்தைக் கையில் எடுக்கும்போது தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். முள்ளைப் பார்த்தே பழகிய கைக்குக் கனம் தெரியாமல் போய்விட்டது.

சமையலறைக்குத் திரும்பி ஒரு தாளில் கணக்குப் போட்டேன். மாணவிகளுக்கு நான் கொடுக்கிற முதல் வருடக் கணக்கைவிட எளிது. ஒரு வேளைக்கு மூன்று எடை, இரண்டு வேளைக்கு ஆறு. ஒவ்வொன்றிலும் முப்பது கிராம் குறைந்தால் ஒரு நாளைக்கு நூற்றெண்பது கிராம் உணவு என் தட்டுக்கு வரவேயில்லை. எட்டு மாதம், இருநூற்று நாற்பது நாள். பெருக்கி, கலோரியாக்கி, உடம்பின் கொழுப்பாக மாற்றிப் பார்த்தால் ஐந்து கிலோவுக்குச் சற்று மேலே வருகிறது. விடை அவ்வளவு கச்சிதமாக வந்தபோது இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன், அதேதான். பாத்ரூம் சுவர் கசிந்த அதே வாரம்தான் நான் ஆறரை மணிக்கு மாறினேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்திருக்கிறது. நான் காக்கையைப் பற்றி இருநூற்றுப் பத்துப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

அதில் நான்காவது அத்தியாயத்தின் தலைப்பு 'பொய்ப்பசி'. நேரத்தை மாற்றிய இரண்டாம் மாதத்திலிருந்து தினமும் பிற்பகல் நான்கு மணிக்கு என் வயிற்றை யாரோ கிள்ளுவதுபோல இருக்கும். எழுதிக்கொண்டிருக்கிற வரி மறந்துவிடும். சமையலறைக்குப் போய்க் கடலை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவேன். அளவு குறையவில்லை, ஆகவே இது பசியாக இருக்க முடியாது என்று எனக்கு நானே நிரூபித்துக்கொண்டேன். பழக்கத்தின் கூப்பாடு, காதைப் பொத்திக்கொண்டால் அடங்கிவிடும் என்று முதலில் பத்தியிலும் பிறகு அந்த அத்தியாயத்திலும் எழுதினேன். அழகாக எழுதியிருப்பதாகப் பதிப்பாளர் தனியாகப் பாராட்டினார். இப்போது அதை நினைக்கும்போது அவமானமாக இருந்தது. என் வயிறு எட்டு மாதமாக உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது, நான் அதைப் பொய்சொல்லி என்று ஊரறியத் திட்டியிருக்கிறேன்.

வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"நாலு மணிக்கு நீ வந்து டப்பாவைத் திறந்து மூடறதை நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றார்.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா பொய்ப்பசின்னு சொல்லுவே. அப்புறம் அதுக்கு ஒரு பத்தி எழுதுவே."

நியாயமான பதில். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என்ன செய்யலாம் என்று யோசித்தேன். மறைப்பதற்கும் வழி இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுதான் கஷ்டம். முப்பது கிராமை ஒரு பருக்கைக்கு அடியில் மறைத்துவிடலாம். சீட்டைப் புகைப்படக்காரரே சுரண்டிப் போட்டுவிட்டார். புதிதாக 'கிண்ணம் 170' என்று எழுதி ஒட்டிவிட்டு, நாளையிலிருந்து முழு அளவு சாப்பிட்டு, எடை கொஞ்சம் ஏறினால் வயதின்மேல் பழியைப் போட்டுவிடலாம். வீட்டுக்காரர் வாய் திறக்கமாட்டார், அதற்குத்தான் எட்டு மாதச் சாட்சி இருக்கிறதே. புத்தகத்தால் யாருக்கு என்ன கெடுதல், சீக்கிரம் சாப்பிடுவது நல்லதுதானே என்றுகூட எனக்குள் ஒரு குரல் வாதாடியது. என்னிடம் படித்த கெட்டிக்கார மாணவி யாரோ பேசுவதுபோல இருந்தது அந்த வாதம். ஏறக்குறைய மதிப்பெண் போட்டிருப்பேன்.

அப்போதுதான் தையல்காரம்மாவின் நினைவு வந்தது.

அவரை நான் பார்த்ததில்லை. மூன்று பேருந்து நிறுத்தம் தாண்டி ஒரு கடைத்தெருவில் தையல்கடை வைத்திருப்பவர், பத்தியைத் தொடர்ந்து படிப்பவர், அவ்வளவுதான் தெரியும். முழங்கால் வலிக்கு எடையைக் குறைக்கச் சொன்ன மருத்துவர் எப்படி என்று சொல்லவில்லை, நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள் என்று முதல் செய்தி அனுப்பியிருந்தார். போனை எடுத்து அவருடைய செய்திகளை ஆரம்பத்திலிருந்து படித்தேன். முதல் மாதம் ஒரே உற்சாகம். டிஜிட்டல் தராசு வாங்கிவிட்டார், என் அளவையே கிராம் பிசகாமல் சாப்பிடுகிறார், ஆறே காலுக்கெல்லாம் தட்டைக் கழுவிவிடுகிறார். எப்படியும் இளைக்கத்தானே போகிறோம் என்று தன் உடைகள் இரண்டின் பக்கத் தையலை இப்போதே அரை அங்குலம் பிடித்துவிட்டதாகச் சிரிப்பு பொம்மை போட்டு எழுதியிருந்தார். இரண்டாம் மாதம்: 'எடை அப்படியே இருக்கிறது டீச்சர்.' அதற்கு என் பதில்: 'உங்கள் அளவில் எங்கோ தவறு இருக்கிறது. கவனமாக எடைபோடுங்கள்.' மூன்றாம் மாதம்: 'கவனமாகத்தான் போடுகிறேன். அரை அங்குலத்தைத் திரும்பப் பிரித்துவிட்டேன்.' நான் பதில் போடவில்லை. ஐந்தாம் மாதம்: 'மதியச் சோற்றை நிறுத்திப் பார்க்கிறேன், தப்பு என்மேல்தான் இருக்கும்.' அதற்கு நான் போட்ட பதிலைப் படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். 'முயற்சியைத் தொடருங்கள்' என்று போட்டிருந்தேன். அன்றைக்கு வேறு இருபது பேருக்கும் அதையே போட்டிருப்பேன். கடைசிச் செய்தி போன வாரத்தது: 'இரண்டு கிலோ குறைந்துவிட்டது டீச்சர், நன்றி. தலைசுற்றல் மட்டும் இருக்கிறது. நேற்று ஊசி விரலில் ஏறிவிட்டது. அதுவும் பொய்ப்பசிதானே?'

அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது. பதிப்பாளரைக் கூப்பிட்டேன்.

அவர் நல்லவர், நிதானமாகப் பேசுவார். நான் சொன்ன முழுக்கதையையும் குறுக்கிடாமல் கேட்டார். கிண்ணத்தில் நசுங்கல் போட்ட இடத்தில் மட்டும் ஒரு சத்தம் கேட்டது, சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை.

"மேடம், முப்பது கிராம்தானே. உள்பக்கமெல்லாம் அச்சுக்குக் கோத்தாச்சு."

"நாளைக்கு நூத்தியெண்பது. எட்டு மாசத்துக்குப் பெருக்கிப் பாருங்க."

"எத்தனை பேர் இளைச்சேன்னு எழுதியிருக்காங்க. அதெல்லாம் பொய்யா?"

"சாயங்காலம் சாப்பிட்டு முடிச்சா அதுக்கப்புறம் நொறுக்குத் தீனி தின்னமாட்டாங்க, அதனால இளைச்சிருக்கலாம். வேற எதாவது காரணமும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுதறதில்லை."

"அப்போ புத்தகம்?"

"புத்தகம் வரட்டும். முதல் அத்தியாயத்தை நான் புதுசா எழுதித் தரேன், கிண்ணம் மாறின கதை. 'பொய்ப்பசி'யை எடுத்துடுங்க. மத்ததையெல்லாம் சரியான எடையில எட்டு மாசம் தின்னு பாத்துட்டு எழுதறேன்."

எட்டு மாதம் என்று அவர் ஒருமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தப்பு நடந்துவிட்டது என்று முதல் பக்கத்திலேயே சொல்கிற ஊட்டச்சத்துப் புத்தகத்தை யார் வாங்குவார்கள் என்று கேட்டார். யோசித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். கூப்பிடாமலும் போகலாம். உடனே உட்கார்ந்து அந்த வாரப் பத்தியை எழுதி முடித்து, இதழுக்கு அனுப்பிவிட்டேன். தலைப்பு 'நான் தப்பாக எடைபோட்டேன்'. பன்னிரண்டு வருடத்தில் இத்தனை வேகமாக ஒரு பத்தியை எழுதியதில்லை. ஆனால் அது அச்சாகி வர ஒன்பது நாள் ஆகும். ஒன்பது நாள் ஒரு பெண் மதியச் சாப்பாடு இல்லாமல் இயந்திரத்தை மிதிக்கவேண்டுமா? செய்தியாக அனுப்பலாம்தான். 'முயற்சியைத் தொடருங்கள்' போன அதே வழியில் இதையும் அனுப்ப எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் பேருந்தில் போனேன். பத்தடி அகலக் கடை. வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே இரண்டு தையல் இயந்திரம், ஒன்றின்மேல் துணி மூட்டை. சுவர் முழுக்கப் பள்ளிச் சீருடைகள் தொங்கின, ஒவ்வொன்றிலும் குண்டூசியில் குத்திய சீட்டு. நாற்பது வயதிருக்கும் பெண்மணி குனிந்து ஒரு கால்சட்டையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார், இதழில் என் படம் வருகிறதே. சட்டென்று எழுந்தவர் மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் கண்ணை மூடி நின்றார். எதுவும் நடக்காததுபோல நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளி என்னை உட்காரச் சொன்னார்.

"சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே டீச்சர். அளவெடுக்கணுமா?"

"நீங்க உட்காருங்க முதல்ல. ஒரு விஷயம் சொல்லணும்."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததையெல்லாம் விட்டுவிட்டு நேராகச் சொன்னேன். கிண்ணம் மாறியது, நான் பார்க்காமல் இருந்தது, எட்டு மாதமாக நான் சாப்பிட்டது நான் எழுதிய அளவு இல்லை என்பது. வகுப்பில் கடினமான பாடத்தை நடத்துவதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் கையிலிருந்த கால்சட்டையின் மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தார்.

"அப்போ நான் சரியாத்தான் எடைபோட்டேனா?" என்று கேட்டார்.

"ரொம்பச் சரியா போட்டிருக்கீங்க. அந்த அளவுக்கு எடை குறையாம இருந்ததுதான் நியாயம். தப்பு பண்ணினது நான்."

"தூக்கத்துல எழுந்து போயி திங்கறேனோன்னு நினைச்சேன் டீச்சர்." குரல் தாழ்ந்திருந்தது, புகார் மாதிரி இல்லை, நடந்ததைச் சொல்கிற மாதிரி இருந்தது. "நிஜமாத்தான். அடுப்படிக் கதவுல ஒரு நூலைக் கட்டி வச்சிட்டுப் படுப்பேன். காலையில எழுந்து நூலு அறுந்திருக்கான்னு பாப்பேன். அறுந்ததே இல்ல. அப்பவும் என்னை நான் நம்பல."

முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ பேருக்குத் தவறான விடைக்குச் சுழித்திருக்கிறேன். சரியான விடை எழுதியவளைச் சுழித்துவிட்டு அவள் தலையையே சந்தேகப்பட வைத்தது இதுதான் முதல்முறை. முதல்முறைதானா என்பதும் இப்போது தெரியவில்லை.

"மன்னிச்சிடுங்கம்மா," என்றேன்.

பரவாயில்லை டீச்சர் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"மதியம் நான் நிறுத்தினேன்னு எழுதினப்போ, நீங்க தொடருங்கன்னு போட்டீங்க."

"ஆமா. படிக்காம போட்டேன்."

"படிக்காமலா?" என்று ஒருமுறை என்னை நேராகப் பார்த்தார். அதில் இருந்தது கோபம்தான், சந்தேகமில்லை. எனக்கு அது தேவையாகவும் இருந்தது. "அந்த நாள்ல இருந்து மதியத்துக்கு ஒரு பழம். இந்த மெஷினை மிதிச்சுக்கிட்டு. எதிர்ல பாருங்க, சாப்பாட்டுக் கடை. பன்னெண்டரை ஆனா தாளிக்கிற வாசம் நேரா இங்கதான் வரும். கதவைச் சாத்திட்டு வேர்த்துக்கிட்டு உட்காந்திருப்பேன்."

திரும்பிப் பார்த்தேன். குறுகலான தெருதான். எதிர்ப்பக்கத்தில் பெரிய கண்ணாடி வைத்த சாப்பாட்டுக் கடை, உள்ளே நான்கைந்து மேசைகள், ஒன்றிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முழங்காலுக்கு என்ன செய்வது என்று கேட்க நல்ல மருத்துவர் ஒருவரிடம் நானே கூட்டிப்போகிறேன் என்றேன். அது அப்புறம் என்றார். இன்றைக்கு எவ்வளவு சாப்பிடவேண்டும், நிறுத்தியிருந்த சோற்றை எந்த அளவில் தொடங்குவது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் எழுந்துவிட்டார்.

கழுத்தில் மாலைபோல் கிடந்த அளவு நாடாவைக் கழற்றி இயந்திரத்தின்மேல் போட்டார். பிளாஸ்திரி போட்ட விரலை நீட்டிச் சுவரில் தொங்கிய துணிகளைக் காட்டினார்.

"நீலச் சீட்டு குத்துனதெல்லாம் தயார். பேரு சொல்லிக் கேட்டா எடுத்துக் குடுத்துடுங்க. புதுசா யாராச்சும் அளவு குடுக்க வந்தா உக்காரச் சொல்லுங்க. நான் சாப்பிட்டு வரேன்."

"நானா?" என்றேன்.

"கடையை வேற யாரு பாத்துப்பாங்க டீச்சர்?"

கண்ணாடிக் கதவு அவர் பின்னால் ஆடி நின்றது. இப்படியொரு வேலையை என்னிடம் யாரும் கொடுத்ததில்லை. துணி மூட்டைகளுக்கு நடுவே நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் ஓர் அம்மா வந்து மகளின் பாவாடையைக் கேட்டார், நீலச் சீட்டுப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். அடுத்து ஒரு காவலாளி, சட்டைத் துணியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு வந்தார்.

"தையல்காரம்மா இல்லையா?"

"சாப்பிடப் போயிருக்காங்க. உட்காருங்க."

"இவங்க மதியத்துல சாப்பிட்டு நான் பாத்ததே இல்லையே." மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியலைங்க," என்றேன். "காத்திருக்கத்தான் வேணும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து வாசலில் நின்றார்கள். அவர்களுடைய தோள்களுக்கு இடையில் எதிர்க்கடையின் கண்ணாடி தெரிந்தது. ஜன்னலோர மேசையில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். தெருப்பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. தட்டில் குனிந்த தலை நிமிராமல், இடது கையைத் தூக்கிப் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். அந்த ஆள் பாத்திரத்தோடு வந்து ஒரு கரண்டி சோறு போட்டுவிட்டு நகரப் போனார். தூக்கிய கை இறங்கவில்லை.